படம் நோயாளியைத் தேடி வரட்டும்!

எக்ஸ்ரே, ஸ்கேன்... ஐ.சி.யு.வில் எப்போது உயிர் காக்கும், எப்போது காக்காது? ஜவ்வாது மலையிலிருந்து ஒரு பார்வை

இரவு தரையில் பாய் விரித்துப் படுத்தவருக்குக் கடித்ததே தெரியாது. கட்டுவிரியனின் பல் அவ்வளவு மெல்லியது. வலி இல்லை, வீக்கம் இல்லை. விடிகாலையில் வயிற்றைப் பிசைகிறது என்பார். கொஞ்ச நேரத்தில் இமைகள் தாமாக இறங்கும், பேச்சு குழறும், எச்சிலை விழுங்க முடியாது. ஜவ்வாது மலையின் உள்ளடங்கிய கிராமம் ஒன்றில் இது நடந்தால், தார் ரோடு வரை ஒரு பயணம், கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க இன்னொரு பயணம், அடிவாரத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்றாவது பயணம். மூச்சுத் தசைகள் அதுவரை தாக்குப்பிடித்தால் ஐ.சி.யு.வில் ஒரு கட்டில் கிடைக்கும்.

தொண்டை வழியே டியூப் இறங்கி, வென்டிலேட்டர் ஓடத் தொடங்கியதும் அடுத்து உள்ளே வருவது சக்கரம் வைத்த எக்ஸ்ரே வண்டி. இரண்டு நர்ஸ்கள் தோளைப் பிடித்துத் தூக்க, டெக்னீஷியன் முதுகுக்கு அடியில் தட்டைச் செருகுகிறார். “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று இவரிடம் சொல்ல வழியில்லை. வென்டிலேட்டர் காற்றைத் தள்ளி நெஞ்சு உயரும் நொடிக்காகக் காத்திருந்து பட்டனை அழுத்துகிறார். “எக்ஸ்ரே!” என்ற குரல் கேட்டதும் பக்கத்துக் கட்டில் நர்ஸும் நாலடி தள்ளிப் போய்விடுகிறார்.

படம் வந்ததும் டாக்டரின் கண் முதலில் போவது டியூப்பின் நுனிக்கு. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு 3 முதல் 5 செ.மீ. மேலே அது நிற்க வேண்டும். சற்றுக் கூடுதலாக இறங்கினால் வலது கிளைக்குள் போய்விடும். அந்தக் கிளைதான் நேராக இறங்குகிறது. அப்படிப் போனால் காற்றெல்லாம் வலது பக்கமே போக, இடது நுரையீரல் சுருங்கிக்கொண்டே வரும். மூக்கு வழியாகப் போட்ட உணவூட்டும் டியூப் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் போயிருந்தால், ஊற்றும் முதல் டம்ளர் கஞ்சியே ஆளைக் கொல்லலாம். அதைத் தடுக்கிறது, சில நொடியில் எடுத்த அந்த ஒற்றைப் படம்.

இதே நோயாளிக்கு மூளை சி.டி. எடுத்தால்? ஒன்றும் தெரியாது. கட்டுவிரியன் விஷம் மூளையைத் தொடுவதில்லை. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் உத்தரவைத்தான் துண்டிக்கிறது. கண்பாவைகூட அசையாமல், மூளைச்சாவு அடைந்தவர்போல அவர் கிடப்பார். உள்ளே நினைவு இருக்கலாம். வென்டிலேட்டரும் பொறுமையான நர்ஸிங்கும் கிடைத்தால் பல நாள் கழித்தும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். வெளியே காத்திருக்கும் குடும்பமோ, “தலைக்கு ஸ்கேன் எடுத்தாச்சா?” என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறது.

‘ஸ்கோர் எவ்வளவு?’

ஸ்கேன் எடுத்தாச்சா என்ற அந்தக் கேள்வியில் தவறில்லை. 2021-ன் இரண்டாம் கொரோனா அலையில் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு பேசிய எண், நுரையீரல் பாதிப்பைச் சொல்லும் சி.டி. ஸ்கோர். “சி.டி. ஸ்கோர் 25-க்கு எவ்வளவு?” என்று விசாரித்துத்தான் பெட் தேடினோம். லேசான காய்ச்சலுக்கும் ஸ்கேன் சென்டர் வாசலில் வரிசை நின்றது. ஒரு சி.டி.யின் கதிர்வீச்சு 300, 400 எக்ஸ்ரேக்குச் சமம் என்று டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரண்தீப் குலேரியா எச்சரித்தார். அது பழைய கணக்கு, இன்றைய கருவிகளின் அளவு அதைவிட மிகக் குறைவு என்று கதிரியக்க மருத்துவர்களின் சங்கம் மறுத்தது. வாதம் ஓய்ந்துவிட்டது. படம் எடுத்துவிட்டால் வைத்தியம் தொடங்கிவிட்டது என்ற நம்பிக்கை மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

1895-ல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். 1971 அக்டோபரில் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைக் குறுக்குவெட்டாகக் காட்டியது. அதற்குப் பிறகு கருவிகள் பெரிதாகிக்கொண்டே போயின. நோயாளிதான் அவற்றிடம் போக வேண்டும் என்றாகிவிட்டது. நடமாடும் நோயாளிக்கு இது சிரமமில்லை. ஐ.சி.யு. நோயாளிக்கு அதுவே ஆபத்து.

பெட்டிச் செய்தி: கதிர்வீச்சு எவ்வளவு?
நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று: 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. தலை சி.டி.: சுமார் 2. நெஞ்சு சி.டி.: சுமார் 5 முதல் 7, குறைந்த அளவில் எடுத்தால் இன்னும் குறையும். மண், பாறை, விண்வெளி ஆகியவற்றிலிருந்து ஒரு மனிதர் ஆண்டுக்குப் பெறும் இயற்கைக் கதிர்வீச்சின் உலக சராசரி 2.4. அல்ட்ரா சவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்தக் கதிர்வீச்சே கிடையாது.

சி.டி. அறை வரை ஓர் ஊர்வலம்

ஐ.சி.யு.வில் இருக்கும் ஒருவரை சி.டி. அறைக்குக் கொண்டுபோவதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒரு பக்கம், மானிட்டர் கால்மாட்டில், மருந்து ஏற்றும் பம்புகள் கம்பத்தில். தலைமாட்டில் ஒருவர், காற்றைத் தள்ளும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே நடக்கிறார். டாக்டர், நர்ஸ், இரண்டு அட்டெண்டர்கள். லிஃப்டுக்குள் அத்தனை பேரும் நிற்க முடியாது. சி.டி. மேஜைக்கு மாற்றும்போது “ஒன்னு, ரெண்டு, மூனு” என்று தூக்குகிற அந்த ஒரு கணத்தில் டியூப் அரை அங்குலம் நகர்ந்தால் போதும். ரத்த அழுத்தம் படுக்கலாம், சிலிண்டர் தீரலாம், வயர் ஒன்று கழன்றது கவனத்துக்கு வராமலே போகலாம். படம் எடுக்கச் சில நிமிடம். போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆவதும் உண்டு.

இத்தனைக்கும் மேல் போயே ஆக வேண்டிய நேரங்கள் இருக்கின்றன. கண்ணாடி விரியன் கடித்து ரத்தம் உறையாமல் போனவர் திடீரென்று மயங்கினால், மூளைக்குள் கசிவு இருக்கிறதா என்று சி.டி.தான் சொல்லும். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவருக்கு அறுவை சிகிச்சை தேவையா என்பதும் அப்படியே. இங்கே தாமதிப்பதுதான் தப்பு. ஆகவே நல்ல ஐ.சி.யு. டாக்டர் ஒவ்வொரு முறையும் தன்னையே கேட்டுக்கொள்கிறார்: இந்தப் படம் வந்த பிறகு நான் செய்யப்போவது மாறுமா? மாறாது என்றால் நோயாளியைக் கட்டிலிலிருந்து அசைக்க வேண்டியதில்லை. வெளியே நிற்கும் சொந்தக்காரர்களின் மனத்திருப்திக்காக ஸ்கேன் எழுதும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் உதவியே இல்லை.

தினம் ஒரு படம் தேவையா?

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு தினமும் காலையில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே என்பது உலகம் முழுக்க இருந்த பழக்கம். அதை பிரான்ஸில் 21 ஐ.சி.யு.க்களில் 849 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு முறையில் தினமும் படம். மற்றொன்றில் டாக்டர் தேவை என்று நினைத்தால் மட்டும். 2009-ல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவு: தேவைக்கு மட்டும் எடுத்தபோது படங்கள் 32 சதவிகிதம் குறைந்தன. வென்டிலேட்டரில் இருந்த நாட்களோ இறப்போ கூடவில்லை.

படுத்த நிலையில் எடுக்கும் எக்ஸ்ரேக்கு அதற்கென்றே சில குறைகள் உண்டு. முன்பக்கமிருந்து கதிர் பாய்வதால் இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். நெஞ்சுக்குள் தேங்கிய நீர் முதுகுப் பக்கம் பரவி, லேசான மங்கலாக மட்டும் நிற்கும். நுரையீரல் கிழிந்து கசிந்த காற்றோ முன்பக்கம் ஏறிக்கொள்ளும். படத்தில் அது தப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு அந்தக் காற்று நிமிடங்களில் உயிரை வாங்கும். பழைய எக்ஸ்ரே தவறவிட்ட இந்த இடத்தைத்தான் வேறொரு கருவி பிடித்தது.

ஜெல் தடவிய சின்னக் குச்சி

நுரையீரலுக்குள் இருப்பது காற்று. அல்ட்ரா சவுண்ட் ஒலி காற்றில் நுழையாது. ஆகவே நுரையீரலுக்கு இந்த ஸ்கேன் உதவாது என்றே மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. பிரெஞ்சு ஐ.சி.யு. டாக்டர் டேனியல் லிச்டென்ஸ்டைன் இதை ஏற்கவில்லை. ஒலி உள்ளே போகாவிட்டால் என்ன, விளிம்பில் மோதித் திரும்பும்போது அது காட்டும் கோடுகளைப் படிக்கலாமே என்றார். விலா எலும்புகளுக்கு நடுவே ப்ரோப் என்ற அந்தச் சின்னக் குச்சியை வைத்தால், ஒரு வெள்ளைக் கோடு மூச்சோடு சேர்ந்து மினுமினுத்து வழுக்குகிறது. அது வழுக்கினால் அந்த இடத்தில் காற்றுக் கசிவு இல்லை. வழுக்காமல் நின்றால் சந்தேகம். நுரையீரலில் நீர் கோத்திருந்தால் அந்தக் கோட்டிலிருந்து கீழ்நோக்கி வெளிச்சக் கதிர்கள் இறங்குகின்றன, மேகத்துக்கு நடுவே வெயில் இறங்குவதுபோல.

மூச்சுத்திணறலோடு வந்த 260 பேரிடம் அவர் வகுத்த ‘ப்ளூ’ முறை, 90.5 சதவிகிதம் பேருக்குக் காரணத்தைச் சரியாகச் சொன்னது. 2008-ல் அது வெளியான பிறகு ஐ.சி.யு.க்களின் பழக்கமே மாறிவிட்டது. இன்று அதே ப்ரோபைக் கொஞ்சம் கீழே நகர்த்தி இதயம் எவ்வளவு வலுவாகத் துடிக்கிறது என்பதையும், ட்ரிப்ஸ் இன்னும் ஏற்றலாமா என்பதையும் பார்க்கிறார்கள். விபத்தில் வந்தவருக்கு வயிற்றின் இருபுறம், அடிவயிறு, இதயத்தைச் சுற்றி என்று நாலு இடத்தில் வைத்து ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சில நிமிடம் போதும். மூடிய இமைமேல் மெதுவாக வைத்தால் கண்ணுக்குப் பின்னால் போகும் நரம்பின் உறை தெரியும்; அது 5 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் மூளைக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். சி.டி.க்கு இது மாற்று ஆகாது. எந்த நோயாளியை முதலில் சி.டி. இருக்கும் ஊருக்கு ஓட்டுவது என்று தீர்மானிக்க உதவும்.

கட்டிலருகே உருட்டி வரும் எம்.ஆர்.ஐ.க்கும் அமெரிக்காவில் 2020-ல் அனுமதி கிடைத்தது. நம் மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு அது வர நாளாகும். கைக்கு அடக்கமான அல்ட்ரா சவுண்டோ இப்போதே இருக்கிறது. ப்ரோபை செல்போனில் செருகினால் படம் வரும்.

பெட்டிச் செய்தி: சொந்தக்காரர்கள் என்ன கேட்கலாம்?
“இந்த ஸ்கேனால் வைத்தியம் எப்படி மாறும்?” என்று கேட்கலாம். “கட்டிலில் வைத்தே பார்க்க முடியுமா? கொண்டுபோவதில் என்ன ஆபத்து?” என்றும் கேட்கலாம். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது எடுத்த படங்களையும் அறிக்கைகளையும் மறக்காமல் கையில் வாங்குங்கள். அது இல்லாமல் போனால் போன இடத்தில் எல்லாவற்றையும் மறுபடி எடுப்பார்கள்.

மலையில் என்ன நிலைமை?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. இங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். கிடைப்பவை சாமை, தேன், புளி, சீத்தாப்பழம். மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் இறங்க சுமார் 40 கி.மீ. மலைப்பாதை, அங்கிருந்து திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மேலும் 35 கி.மீ. இதே மலையில் காவலூரில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் வென்டிலேட்டரும் சி.டி.யும் வேண்டுமென்றால் மலையிறங்கியே ஆக வேண்டும்.

2023 மே மாதக் கடைசியில் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. அங்கே அப்போது ரோடு இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே குழந்தை இறந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போதும் ரோடு முடிந்த இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றுவிட, தாய் உடலைக் கையில் ஏந்தி நடந்தார். தமிழ்நாடே தலைகுனிந்த செய்தி. அந்தக் குழந்தைக்கு எந்த ஸ்கேனும் உதவியிருக்காது. தேவைப்பட்டவை ரோடும் விஷமுறிவு மருந்தும். கண்ணாடி விரியன் விஷம் ஏறியதா என்று பார்க்கவும் பெரிய கருவி எதுவும் வேண்டாம்: சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, உறைந்ததா என்று சாய்த்துப் பார்த்தால் போதும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் இறந்தவர்கள் 12 லட்சம் பேர் என்கிறது ஓர் ஆய்வு. ஆண்டுக்குச் சராசரி 58,000. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில்தான் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

விபத்தின் கதை வேறு. 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்ட மலைப்பகுதியில் கோயிலுக்குப் போனவர்களின் வேன் பள்ளத்தில் கவிழ்ந்தது. இறந்தவர்கள் பத்துக்கும் மேல், பெரும்பாலும் பெண்கள். ஒரே நேரத்தில் இத்தனை பேர் அடிபட்டுக் கிடக்கும்போது, வெளியே ஒரு கீறல்கூட இல்லாத யாருக்கு வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, யாரை முதல் வண்டியில் ஏற்றுவது என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பர் முதல் விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிறது. மலையில் அந்த 48 மணியின் முதல் சில மணிகள் வளைவுகளிலேயே கரைந்துவிடுகின்றன. கையடக்க ஸ்கேன் அங்கேதான் வேண்டும்.

சட்டம் போட்ட பூட்டு

ஏன் அது மலையில் இல்லை? விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ம் வருடச் சட்டம். அல்ட்ரா சவுண்ட் கருவி எதுவாக இருந்தாலும் அது இருக்கும் இடத்தோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். 2012-ல் வந்த விதி, தூக்கிச் செல்லும் கருவிகளை இன்னும் இறுக்கியது: பதிவான ஆஸ்பத்திரிக்குள் உள்நோயாளிகளுக்குப் பயன்படுத்தலாம்; அல்லது மற்ற மருத்துவ சேவைகளோடு சேர்ந்து இயங்கும் நடமாடும் மருத்துவ வாகனத்தில் வைக்கலாம். வேறெங்கும் கூடாது. ஒரு டாக்டர் இதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மலையேறினால் குற்றம்.

இந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி இந்தக் கட்டுரை கேட்கவில்லை. பெண் சிசுக்களைக் காக்க 1992-ல் தொட்டில் குழந்தை திட்டம் கொண்டுவர வேண்டிய நிலையில் இருந்த மாநிலம் இது. பெண் சிசுக்கொலை நடந்த உசிலம்பட்டியையும் சேலத்தையும் தருமபுரியையும் மறந்துவிட்டு யாரும் பேச முடியாது. சட்டத்தின் பூட்டு நியாயமான பூட்டு. ஆனால் அதே விதி நடமாடும் மருத்துவ வாகனம் என்ற கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அரசின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி.யின் சமுதாய மருத்துவப் பிரிவும் இந்த மலைக்கு வண்டி அனுப்புகிறது. அந்த வண்டிகளில் பதிவு செய்த கருவி ஒன்று, எங்கே, யார், எப்போது பயன்படுத்தினார் என்று அழிக்க முடியாத பதிவேட்டோடு இருக்கலாம். எடுக்கும் படம் ஒவ்வொன்றும் மாவட்ட அதிகாரியின் கணினிக்கும் போகட்டும். கர்ப்பிணிக்கு எடுத்தால் சட்டம் கேட்கும் படிவம் அந்த இடத்திலேயே நிரப்பப்படட்டும்.

எக்ஸ்ரேக்கு இந்தத் தடை இல்லை. 2024 டிசம்பர் 7-ல் தொடங்கிய 100 நாள் காசநோய் இயக்கத்துக்கு, கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவிகளும் படத்தைப் படித்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளும் கிராமங்களுக்கே போயின. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வாங்கிக்கொண்டு கதிர்வீச்சுக் கருவியே ஊருக்குள் போகும்போது, கதிர்வீச்சே இல்லாத கருவியை முறையாகக் கொண்டுபோக வழி செய்ய முடியும்.

யார் கையில் ப்ரோப்?

கருவி வாங்குவது சுலபம். டெண்டர் விட்டால் வந்துவிடும். அதைப் பிடிக்கும் கை வேண்டும். நுரையீரலின் கோடு வழுக்குகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொள்ள அதிக நாள் பிடிக்காது. இதயத்தைப் படிக்க மாதங்கள் ஆகும். கற்றவர் தப்பாகப் படித்தால் நல்ல நுரையீரலில் ஊசி குத்தும் அபாயமும் உண்டு. எம்.பி.பி.எஸ். டாக்டர்கள் அல்ட்ரா சவுண்ட் செய்ய அதே சட்டத்தின் 2014 விதிகள் ஆறு மாதப் பயிற்சி கேட்கின்றன. அது கர்ப்பிணிகளுக்கான ஸ்கேனை மையமாக வைத்து வகுத்தது. அவசர நோயாளியின் நெஞ்சையும் வயிற்றையும் பார்க்கத் தனியாக ஒரு குறுகிய பயிற்சியும், எடுத்த படத்தை உடனே சரிபார்க்கக் கீழே ஓர் ஐ.சி.யு. டாக்டரும் வேண்டும். செல்போன் சிக்னல் கிடைக்கும் இடத்திலிருந்து பத்து நொடி வீடியோ அனுப்பினாலே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலோ திருவண்ணாமலையிலோ இருப்பவர் பார்த்துச் சொல்லிவிடலாம்.

மலைக்குப் பணிக்கு வரும் இளம் டாக்டர்கள் பயிற்சி முடிந்ததும் இடமாறுதலில் போய்விடுகிறார்கள் என்பது பழைய குறை. ஆகவே பயிற்சியை ஒருவருக்கு மட்டும் தந்து பயனில்லை. ஜமுனாமரத்தூரில் பொறுப்பேற்கும் ஒவ்வொருவருக்கும், சேர்ந்த முதல் மாதத்திலேயே, கீழே உள்ள அந்த மருத்துவக் கல்லூரி ஐ.சி.யு. ஒன்றில் சில வாரம் நிற்கும் ஏற்பாடு வேண்டும். அங்கே பாம்புக்கடியும் பூச்சிமருந்தும் தலைக்காயமும் தினமும் வருகின்றன. வருகிறவர்களில் அவர் பார்க்கப்போகும் மலைக்காரர்களும் இருப்பார்கள். சுகாதாரத் துறை அடுத்த பணியிட உத்தரவு போடும்போது இந்த ஒரு வரியையும் அதில் சேர்க்கலாம். அதற்குப் புதுச் சட்டம் வேண்டாம்.